லாங் கோவிட் உள்ளவர் மூன்றாம் தவணை போட்டுக்கொள்ளலாமா? இரண்டாம் தவணைக்குப் பின் படுத்துவிட்டவர்களிடம் ஒரு கேள்வி

14 ஜூன் 2022, இரவு 9.40

எனக்கு வயது 47. தமிழாசிரியை. திருச்சி உறையூரில் தாயாருடன் வசிக்கிறேன். 2021 மார்ச்சில், தேர்தல் பணிக்குச் செல்பவர்கள் என்ற முறையில் எங்களுக்குக் கோவிஷீல்டு முதல் தவணை போட்டார்கள். மே மாதம், இரண்டாம் அலையில், கோவிட் வந்தது. மருத்துவமனையில் சேரும் நிலை ஏற்படவில்லை. ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பதின்மூன்று மாதங்கள் கழிந்த பின்னும் குளித்துவிட்டுத் தலை துவட்டி முடிப்பதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது. வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய குறளின் அடுத்த சீர் வாயில் வராமல் நின்றுவிடுகிறது. ஒரு நாள் சற்று அதிகமாக நடமாடிவிட்டால், மறுநாள் நன்றாக இருந்து, அதற்கும் மறுநாள் படுக்கையில் விழுகிறேன். தொற்று போன பின்னும் இப்படி மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லைகளைத்தான் லாங் கோவிட் என்கிறார்கள்.

இரண்டாம் தவணையை 2021 செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை, தமிழகம் முழுவதும் நடந்த முதல் பெருமுகாமில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு மூன்று வாரங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனேன். நேற்று முன்தினத்தோடு ஒன்பது மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. ஆகவே அரசாங்கம் 'முன்னெச்சரிக்கைத் தவணை' என்று அழைக்கும் ஊசிக்கு நான் தகுதி பெற்றுவிட்டேன் எனக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அறுபது வயதுக்குட்பட்டவர்கள் தனியார் மருத்துவமனையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக்கு 225 ரூபாய், அதற்கு வரி, சேவைக் கட்டணம் அதிகபட்சம் 150 ரூபாய். பணம் ஒரு பொருட்டல்ல. அந்த மூன்று வாரங்கள் திரும்பி வருமா என்பதுதான் என் கேள்வி. ஏற்கெனவே லாங் கோவிட்டுடன் இருந்து, மூன்றாவது போட்டுக்கொண்டவர் யாராவது எழுதுங்கள். தடுப்பூசியே சதி என்பவர்களும், பயப்படுவதே மூடத்தனம் என்பவர்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

15 ஜூன் 2022

வேறு இடம் பார்க்கச் சொன்ன இரு தரப்பினரும்தான் முதலில் வந்திருக்கிறார்கள்.

'பூஸ்டர்' என்ற சொல்லை நான் தலைப்பில் தவிர்த்ததற்குக் காரணம் கேட்டவருக்கு: தனித்தமிழ்ப் பற்று ஒன்றுமில்லை. அம்மாவிடம் பூஸ்டர் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன் என்று சொன்னேன். அவர் பால் காய்ச்சட்டுமா என்று கேட்டார்.

19 ஜூன் 2022

எல்லாம் மனப்பிரமை என்று எழுதியவருக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும் என்று நான்கு நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு நான் பார்த்த முதல் மருத்துவரும் அதையேதான் சொன்னார். மாதவிடாய் நிற்கும் வயது, தனிமை, ஆசிரியர் வேலையின் அழுத்தம் என்று மூன்று காரணங்களை எழுதி ஒரு சத்து மாத்திரையும் கொடுத்தார். இரண்டாவதாகப் பார்த்த பொது மருத்துவர் அப்படிச் செய்யவில்லை. என்னைப் பத்து நிமிடம் படுக்க வைத்து நாடித்துடிப்பை எண்ணினார்: 72. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொல்லி, நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினார். பத்தாவது நிமிடத்தில் 110. நிற்பதால் மட்டும் 30-க்கு மேல் கூடினால் கவனிக்க வேண்டும், உங்களுக்கு 38 கூடியிருக்கிறது என்றார். மனப்பிரமைக்கும் நாடி ஏறும் என்று யாராவது சொல்வதானால், படுத்திருக்கும்போது அந்தப் பிரமை எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இந்நோய்க்கு வரையறை கொடுத்துவிட்டது. தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகும் தொல்லைகள் இருக்க வேண்டும், அவை குறைந்தது இரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும், வேறு நோயால் அவற்றை விளக்க இயலாதிருக்க வேண்டும். ஆகவே நோய் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே மறுபடியும் நடத்த வேண்டியதில்லை.

3 ஜூலை 2022

இங்கே ஒருவர் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை மூன்று நாட்களில், தவணை தவணையாகப் படித்து முடித்தேன். சென்ற மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தினர் செய்தது. தொற்றுக்குப் பிறகு தடுப்பூசி போட்டுக்கொண்ட, 18 முதல் 69 வயது வரையிலான 28,356 பேரைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். முதல் தவணைக்குப் பின் லாங் கோவிட் தொல்லை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 12.8 விழுக்காடும், இரண்டாம் தவணைக்குப் பின் மேலும் 8.8 விழுக்காடும் குறைந்திருக்கிறது.

அனுப்பியவர் இதைக் காட்டி "போட்டால் குணமாகும்" என்று எழுதியிருந்தார். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. கவனித்து எழுதிய ஆய்வே ஒழிய, சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேருக்கு ஊசியும் பாதிப்பேருக்கு வெறும் நீரும் போட்டுப் பார்த்த சோதனை அல்ல. தவிரவும் இது சராசரிக் கணக்கு. என் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது என்பதால் கடைசி வரிசை மாணவியும் தேறிவிட்டாள் என்று ஆகாது. நான் அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறேனா என்பதுதான் என் கவலை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊசி போட்ட லாங் கோவிட்காரர்கள் கூட்டங்கூட்டமாக மோசமடைந்திருந்தால் இந்தக் கணக்கு வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

14 ஜூலை 2022

நாளை முதல் 75 நாட்களுக்கு 18 வயது நிறைந்த எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். இடைவெளியையும் ஒன்பது மாதத்திலிருந்து ஆறாகக் குறைத்தாயிற்று. பணம் ஒரு பொருட்டல்ல என்று மேலே எழுதியிருந்தேன். இலவசம் என்றதும் மனம் சற்று ஆடியதை மறைப்பதற்கில்லை. செப்டம்பர் 30 கடைசி நாள்.

17 ஜூலை 2022, பிற்பகல்

முதல் குறிப்பில் எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது.

நோய் வந்த நாள் முதல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். பழைய விடைத்தாள்களில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்களைத் தைத்துச் செய்தது. அதில் நாள்தோறும் எழுதுவது ஒரே ஒரு கணக்குதான்: படுக்கையிலோ சாய்வு நாற்காலியிலோ இல்லாமல், உட்கார்ந்தும் நடந்தும் கழிந்த மணிநேரம் எத்தனை என்பது. 'நிமிர்ந்த நேரம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். முடிந்த நாட்களில் அருகே ஓரிரு சொற்களும் உண்டு. இரண்டாம் தவணைக்குப் பிந்திய மூன்று வாரங்களையும் சரியாக எண்ணிப் பார்த்துவிடலாம் என்று இன்று காலை அதை எடுத்தேன்.

2021 செப்டம்பர் முதல் தேதிதான் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிகள் மீண்டும் திறந்தன. அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. செப்டம்பர் 6, 7, 8 ஆகிய மூன்று நாட்களுக்கும் எதிரே "மாடி" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் மாடியில், முகக்கவசத்துடன் நாளுக்கு ஐந்து பாடவேளை. 9-ஆம் தேதி "கால் நடுக்கம்". 10-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி விடுமுறை. அன்றைய குறிப்பு: "நிமிர்ந்த நேரம் 2. கொழுக்கட்டையைப் படுத்தே தின்றேன்."

ஊசி போட்டது 12-ஆம் தேதி. நான் விழுந்தது 10-ஆம் தேதி. பத்து மாதங்களாக ஊசியின் மேல் ஏற்றி வைத்திருந்த பழியில் பெரும்பங்கு அந்த மாடிப்படிக்கு உரியது. உழைப்புக்குப் பின் ஒன்றிரண்டு நாள் தள்ளி வரும் இந்தச் சரிவுதான் இந்நோயின் முக்கியக் குணம் என்று மற்றவர்களுக்கு நான்கு முறை விளக்கியவள் நான். என் விஷயத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த ஊசித் தழும்பைப் பிடித்துக்கொண்டேன்.

18 ஜூலை 2022

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஊசி நிரபராதி" என்று சிலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சேலத்திலிருந்து எழுதும் ஓர் அம்மையார் மட்டும் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். சரிவு 10-ஆம் தேதி தொடங்கியது உண்மைதான், ஆனால் இதற்கு முன் வந்த சரிவுகள் எத்தனை நாள் நீடித்தன? எண்ணிப் பார்த்தேன். நான்கு முதல் ஆறு நாட்கள். அதுமட்டும் இருபத்திரண்டு நாட்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏற்கெனவே சாய்ந்து நின்ற சுவரில் மாடு வந்து முதுகைத் தேய்த்தது போல ஆகியிருக்கலாம். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தது, காய்ச்சலும் உடலுக்கு உழைப்புதான்.

எனவே என் கேள்வியின் வடிவம் மாறுகிறது. போடலாமா என்பதை விட, எந்த நிலையில் இருக்கும்போது போடலாம் என்று கேட்டிருக்க வேண்டும்.

21 ஆகஸ்ட் 2022

இம்மாதம் 12 முதல் கோவிஷீல்டு போட்டவர்களும் மூன்றாவதாகக் கோர்பிவாக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. ஹைதராபாத் நிறுவனம் தயாரிப்பது. கிருமியின் முள் புரதத்தில் ஒரு பகுதியை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்துப் போடுகிறார்கள். மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியைப் போன்ற பழைய முறைதான். கோவிஷீல்டோ சிம்பன்சியின் சளிக்கிருமி ஒன்றை வாகனமாக வைத்து, முள் புரதம் செய்வதற்கான கட்டளையை நம் உடலுக்குள் அனுப்புவது. எது எனக்கு இலேசாக இருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். பொதுவாகப் புரத வகையில் காய்ச்சல் குறைவு என்று சொல்லலாம், ஆனால் லாங் கோவிட் உள்ளவர்களை வைத்து இரண்டையும் யாரும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை, கிடைப்பதைப் பாருங்கள் என்றார். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால், அது சிறுவர்களுக்கு வந்த இருப்பு என்கிறார்கள். சுற்றறிக்கை ஊருக்கு முன்னால் வருகிறது. மருந்து பின்னால் நடந்து வருகிறது.

18 செப்டம்பர் 2022

முடிவு செய்துவிட்டேன். காரணங்களை எழுதி வைக்கிறேன். பிறகு நானே மறந்துபோய் வேறு கதை சொல்லக்கூடும் என்பதற்கு ஜூலைக் குறிப்பே சாட்சி.

மருத்துவரிடம் நான் கேட்டது உத்தரவாதம். அவர் கொடுக்கவில்லை. ஊசியால் ஒரு சரிவு வரலாம் என்பதை மறுக்கவும் இல்லை. அவர் சொன்னதன் சாரம் இது. தொற்றும் வரத்தான் போகிறது, அரையாண்டுத் தேர்வின் நடுவிலோ அம்மாவுக்கு உடம்பு முடியாத வாரத்திலோ வரும். ஊசிக்கு நீங்கள் நாள் குறிக்கலாம். என் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. அவர் சென்ற பிப்ரவரியிலேயே மூன்றாவதைப் போட்டுக்கொண்டு அன்று மாலையே கோலமாவு சலித்தார். ஆனால் எனக்குத் தொற்று வந்தால் முதலில் போவது அவரிடம்.

ஊசி தொற்றையே தடுக்கும் என்று நான் நம்பவில்லை. ஒமிக்ரான் வந்த பிறகு மூன்று போட்டவர்களுக்கும் வந்ததை ஆசிரியர் அறையிலேயே பார்த்தாயிற்று. கடுமையைக் குறைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்கள், எனக்கு முதலில் வந்ததும் 'கடுமையில்லாத' வகைதான் என்பதை நினைவில் கொள்ளவும்.

முன்னேற்பாடு: காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபர் தொடக்கத்தில் விடுமுறை. ஊசிக்கு முந்திய பத்து நாட்கள் மாடி ஏறுவதில்லை. தலைமையாசிரியையிடம் கேட்டு வகுப்பைக் கீழே மாற்றிக்கொண்டேன். நிமிர்ந்த நேரம் ஒரு வாரம் தொடர்ந்து ஏழுக்குக் குறையாமல் இருந்தால்தான் போவது. பாராசிட்டமால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், உறைந்த தோசை மாவு இரண்டு டப்பா.

29 செப்டம்பர் 2022

போட்டாயிற்று. கோவிஷீல்டுதான் கிடைத்தது. புதன்கிழமை குழந்தைகளுக்கான நாள், கூட்டமாக இருக்கும் என்று வியாழக்கிழமை போனேன். கூட்டமே இல்லாததுதான் சிக்கலாயிற்று. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே பத்துப் பேர் சேரட்டும் என்றார்கள். ஏழு பேர் இருந்தோம். செவிலியர் வெளியே போய்ப் பூக்கார அம்மாவையும் இரண்டு ஆட்டோ ஓட்டுநர்களையும் அழைத்து வந்தார். நிற்க முடியாது என்று நான் சொன்னதும், காரணம் கேட்காமல் நாற்காலி போட்டதற்காக அவரை நெடுநாள் நினைத்திருப்பேன்.

2 அக்டோபர் 2022

காய்ச்சல் 101. நிமிர்ந்த நேரம் 3. வேறு எழுதத் தெம்பில்லை.

12 அக்டோபர் 2022

நாள்தோறும் 'என்ன ஆயிற்று' என்று கேட்டவர்களுக்கு. காய்ச்சல் மூன்று நாட்களில் நின்றது. நாடித்துடிப்பு ஒரு வாரம் எகிறிக் கிடந்தது. நிமிர்ந்த நேரம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஊசலாடி, பதினோராம் நாள் ஏழுக்கு வந்தது. அதாவது பழைய இருபத்திரண்டு நாளில் பாதி. இம்முறை மாடி இல்லை, விடுமுறை இருந்தது, தயாராக இருந்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. நோய் குறைந்ததா என்றால் இல்லை. ஊசிக்கு முன் இருந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறேன்.

என்னைப் பார்த்துப் போட்டுக்கொள்ளப் போவதாக எழுதிய மூவரும் தயவு செய்து என்னைப் பார்க்க வேண்டாம். உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஒன்று தையுங்கள்.

29 ஜனவரி 2023

மூக்கில் விடும் இன்கோவாக் மருந்து குடியரசு தினத்தன்று வெளியாயிற்று. ஊசியே இல்லை, நாசிக்கு நான்கு சொட்டு, தனியாரில் 800 ரூபாயும் வரியும். கிருமி நுழையும் வாசலிலேயே காவல் வைப்பது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே முன்னெச்சரிக்கைத் தவணை போட்டவர்களுக்கு இது இல்லையாம். நான்கு மாதம் பொறுத்திருக்கலாமோ என்று ஒரு நாள் முழுக்க நொந்துகொண்டேன். அன்றைக்கு இது இல்லை என்ற எளிய உண்மை இரவுதான் உறைத்தது.

23 ஏப்ரல் 2023

வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் பக்கத்து மேசைக்காரர் இரண்டு நாட்களாக இருமிக்கொண்டிருந்தார். 19-ஆம் தேதி எனக்கும் இரண்டு கோடு. நாடெங்கும் இப்போது எக்ஸ்பிபி.1.16 என்ற வகை பரவுகிறது. தொண்டை வலி, இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அம்மாவை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். "ஊசி போட்டும் வந்ததே" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். தொற்றைத் தடுக்கும் என்று நம்பவில்லை என 2022 செப்டம்பர் 18-ஆம் தேதியே எழுதியிருக்கிறேன்; மேலே போய்ப் படிக்கவும்.

25 ஜூன் 2023

கணக்கு இதுதான். ஊசிக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பப் பதினோரு நாள். தொற்றுக்குப் பின் ஒன்பது வாரம், அதிலும் ஏழு மணிநேரத்துக்குப் பதில் ஆறரையில் நிற்கிறது. ஊசி போடாமல் இத்தொற்று வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இன்னொரு நான் வேண்டும். அவளை எங்கே போய்த் தேடுவது? ஊசியை ஊசியோடும் தொற்றைத் தொற்றோடும் மட்டுமே என்னால் ஒப்பிட முடிகிறது. 2021 தொற்றை விட இது மிக இலேசு. அதற்கு ஊசி காரணமா, முந்திய தொற்றா, கிருமியின் வகையா என்பதில் என் பங்குக்கு நான் எதையும் வாதிடப் போவதில்லை.

முந்தாநாள் புதிதாக ஜெம்கோவாக்-ஓஎம் என்ற ஊசியை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள் என்று எழுதியவருக்கு: முந்தாநாள் அல்ல, நேற்று. ஒமிக்ரானுக்கென்றே புனேயில் செய்யப்பட்ட எம்ஆர்என்ஏ வகை (வாகனக் கிருமி இல்லாமல், முள் புரதம் செய்யும் கட்டளையை மட்டும் அனுப்புவது), ஊசியில்லாத கருவியால் தோலுக்குள் செலுத்துவது, சாதாரணக் குளிர்பெட்டியில் வைக்கலாம். எல்லாம் நன்று. எந்த ஊரில் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர் எழுதவும்.

5 மே 2024

ஒரு வாரமாகத் தொலைபேசி ஓயவில்லை. கோவிஷீல்டால் இரத்தம் உறைகிறது என்று, அதை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனமே லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதாம். மூன்று போட்டவளாயிற்றே, எப்படி இருக்கிறாய் என்று மாமா முதல் மளிகைக் கடைக்காரர் வரை விசாரிக்கிறார்கள். ஒப்புக்கொண்டது உண்மைதான்: மிக அரிதாக, தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறையும் நிலை ஏற்படலாம் என்று. இது புதுச் செய்தி அல்ல. ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே இதை மிக அரிய பக்க விளைவாக அறிவித்துவிட்டது. பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின் சில நாள் முதல் சில வாரங்களுக்குள் வருவது. ஈராண்டு கழித்து மே மாத வெயிலில் வரும் தலைவலிக்கு அது பொறுப்பல்ல. அதே சமயம், இது அன்றே ஊர்மொழியில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தேர்தல் பணி ஊசிக்கு வரிசையில் நின்றபோது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். சொல்லாதது இன்று வதந்திக்காரர்களுக்கு உரமாயிற்று.

8 ஜூன் 2025

பள்ளி திறந்த வாரத்திலேயே மறுபடி கோவிட் செய்தி. ஜேஎன்.1 வகையின் வழித்தோன்றல்களாம். தஞ்சாவூரிலிருந்து ஒருவர், 31 வயது, இரண்டு ஆண்டாக லாங் கோவிட், இப்போது ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கேள்வி 2022-இல் நான் கேட்டதே. ஆனால் அன்று கையில் மருந்து இருந்தது. இவ்வாரம் திருச்சியில் மூன்று பெரிய மருந்துக்கடைகளிலும் ஒரு தனியார் மருத்துவமனையிலும் கேட்டேன், எங்கும் இல்லை. வெளிநாடுகளில் ஆண்டுதோறும் புதிய வகைக்கேற்ப மாற்றிப் போடுகிறார்கள். அங்கும் எல்லோருக்கும் இல்லை, பிரிட்டனில் இந்த இளவேனிலில் 75 வயதைக் கடந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும்தான். லாங் கோவிட் என்ற ஒரே காரணத்துக்காக வரிசையில் இடம் தருவதில்லை.

படிக்கக் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூலையில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து வந்த ஆய்வில், டெல்டா காலத்தில் ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு லாங் கோவிட் வந்திருக்கிறது, போட்டவர்களில் 5.3 பேருக்கு, ஒமிக்ரான் காலத்தில், ஊசி போட்டிருந்தவர்களில் 3.5 பேருக்கு. இது புதிதாக வருவதைப் பற்றியது, உங்களைப் போல் ஏற்கெனவே உள்ளவர்களைப் பற்றியது அல்ல. உள்ளவர்களைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். பதினாறே பேர், அதுவும் அதுவரை ஊசியே போடாதவர்கள். பத்துப் பேர் தேவலை என்றார்கள், மூவருக்கு மாற்றமில்லை, ஒருவர் மோசமடைந்தார், மற்ற இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த ஒருவரைப் பற்றித்தான் எனக்கு அறிய ஆவல். அந்த வாரம் அவர் மாடி ஏறினாரா என்று.

உங்கள் மருத்துவரிடம் போகும்போது இதையெல்லாம் கொண்டுபோக வேண்டாம். படுத்து எண்ணிய நாடி, நின்று எண்ணிய நாடி, நாள்வாரி நிமிர்ந்த நேரம், இவற்றை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நெஞ்சுவலி உண்டென்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதுங்கள். இளம் ஆண்களுக்கு எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பின் மிகச் சிலருக்கு இதயத்தசை அழற்சி வந்திருக்கிறது, ஆகவே வெளிநாட்டில் போய்ப் போடுவதானாலும் இதயத்தைப் பார்த்துவிட்டே போங்கள்.

9 ஜூன் 2025

திருத்தம். நேற்று அவருக்காகப் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது கண்டது: 2022 அக்டோபர் பதினோரு நாள் என்று எழுதியதில் ஊசி போட்ட நாளை எண்ணவில்லை. அன்று மாலையே படுத்துவிட்டிருக்கிறேன். பன்னிரண்டு.